செவ்வாய் இரவு ஆட்டமும் புதன் காலைப் பேருந்தும்

கேள்வி: நாங்கள் தோஹாவில் வசிக்கிறோம். கணவருக்கு ராஸ் லஃபான் எரிவாயுத் தொழில் நகரத்தில் பகலும் இரவுமாக மாறி வரும் 12 மணி நேர ஷிஃப்ட். ஆறாம் வகுப்பு படிக்கும் 11 வயது மகன், அப்பா வீட்டில் இருக்கும் நாள்களில் அவரோடு உட்கார்ந்து நள்ளிரவு தாண்டியும் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து பார்க்கிறான். பள்ளிப் பேருந்து காலை 5.40க்கு வந்துவிடும். இரண்டாம் பீரியடிலேயே தூங்கிவிடுகிறான் என்று வகுப்பாசிரியை டைரியில் எழுதியிருக்கிறார். தடுத்தால், "நான் அவனோடு இருப்பதே கொஞ்ச நேரம், அதையும் பறிக்கிறாயா" என்று கணவர் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் கணவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆசிரியையின் குறிப்பிலும் இருக்கிறது. முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம். சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் மத்திய ஐரோப்பிய நேரப்படி மாலை 6.45க்கும் இரவு 9 மணிக்கும் தொடங்குகின்றன. செப்டம்பரில் இவை தோஹாவில் 7.45, 10 மணி ஆட்டங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பியர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். கத்தாரில் அந்த வழக்கம் இல்லை என்பதால், அதே ஆட்டங்கள் நமக்கு 8.45, 11 மணி என்று ஆகிவிடுகின்றன. 11 மணி ஆட்டம் முடிய ஏறக்குறைய 12.50 ஆகும். நவம்பரில் திடீரென்று பிள்ளை கெட்டுப்போய்விட்டதாகப் பல தாய்மார்கள் என்னிடம் சொல்வதுண்டு. பிள்ளை அப்படியேதான் இருக்கிறான். ஆட்டம்தான் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு வரை இந்த நிலைதான்.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. காலை 5 மணிக்கு எழும் பையன் குறைந்தபட்சக் கணக்குக்கே இரவு 8 மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். வளைகுடாவில் எத்தனை வீடுகளில் இது நடக்கும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆகவே 8.30 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு மேல் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தக் கணக்கில், பள்ளி நாளுக்கு முந்தைய இரவுகளில் நேரலை ஆட்டம் என்பது செப்டம்பர், அக்டோபரில் முதல் பாதியோடு நிற்கும். குளிர்காலத்தில் அதுவும் கிடையாது.

"ஆனால் அவனுக்குத் தூக்கமே வருவதில்லையே" என்று நீங்கள் கேட்கக்கூடும். பழியை முழுக்க ஆட்டத்தின் மேல் போட முடியாத இடம் இதுதான். பள்ளி விட்டு இரண்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஏசி அறையில் ஐந்தரை வரை தூங்கி எழுகிற பையனுக்கு எட்டரைக்கு எப்படித் தூக்கம் வரும்? டிசம்பரில் தோஹாவில் 4.45 வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. விடியும் முன்பே பேருந்தில் ஏறி, நாளெல்லாம் வகுப்பறையில் இருந்து, மாலை வெயிலையும் தூங்கியே கழித்துவிடும் பிள்ளையின் உடலுக்குப் பகல் எது, இரவு எது என்று பிடிபடுவதே கடினம். பகல் தூக்கத்தை 30 நிமிடத்துக்குள் வையுங்கள். மூன்றரைக்கு மேல் வேண்டாம். எழுப்பியதும் திரையை விலக்கிவிட்டு, அரை மணி நேரமாவது வெளியே அனுப்புங்கள். முதல் வாரம் வீட்டில் சண்டை நடக்கும். இரண்டாம் வாரம் எட்டு மணிக்கே கொட்டாவி விடுவான்.

அடுத்து, அவனுக்கு அந்த ஆட்டம் எதற்கு என்று யோசியுங்கள். என் அனுபவத்தில், இந்த வயதுப் பையன்களுக்கு 90 நிமிடமும் பார்ப்பதை விட, மறுநாள் பேருந்தில் "யார் கோல் போட்டது தெரியுமா" என்று பேச்சு வரும்போது வாயடைத்து உட்காராமல் இருப்பதே முக்கியம். அதற்குக் காலை இட்லித் தட்டின் முன் பத்து நிமிட ஹைலைட்ஸ் போதும். தொலைக்காட்சியை இரவிலேயே தயாராக வைத்துவிட்டு, "எழுந்தால் கோல் பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். எழுப்புகிற வேலையும் மிச்சமாகும்.

அப்பாவோடு சேர்ந்து பார்ப்பது என்ற தேவையை ஹைலைட்ஸ் தீர்க்காது. அதற்கு பிரீமியர் லீக் சனிக்கிழமை ஆட்டங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பகல் 12.30க்கும் 3 மணிக்கும் தொடங்குபவை குளிர்காலத்தில் நமக்கு மாலை 3.30க்கும் 6 மணிக்கும் வருகின்றன. கத்தாரில் அன்று வார விடுமுறை. (சனிக்கிழமை 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்துத் தொலைக்காட்சியிலேயே நேரலையாகக் காட்ட அனுமதியில்லை, நமக்கு அந்தத் தடை கிடையாது என்று மகனிடம் சொல்லுங்கள், பெருமைப்படுவான்.) கணவருக்கு ஷிஃப்ட் இல்லாத வார நாளில், முந்தைய இரவின் ஆட்டத்தை இருவரும் மாலை நான்கு மணிக்கு முழுதாக மறுஒளிபரப்பில் பார்க்கலாம். இரவுப் பணி முடித்து வந்த நாளில் மட்டும் அவரைத் தூங்க விடுங்கள். அவருடைய கடிகாரம் வேலைக்காக மாறுகிறது. மகனுடையது அதோடு சேர்ந்து மாற வேண்டியதில்லை. இதை அவரிடம் நீங்கள் தனியாக, மகன் இல்லாதபோது சொல்வது நல்லது.

உள்ளூர் லீக்கையும் மறக்க வேண்டாம். அல் சத், அல் ரய்யான் அணிகளின் ஆட்டம் ஒன்றுக்கு வார இறுதி மாலையில் மகனை அவர் அழைத்துப் போகட்டும். அல் ரய்யானின் சொந்த மைதானமான அகமது பின் அலி அரங்கில் 2022 உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. அந்த இருக்கையில் அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதற்கு வீட்டு சோஃபா ஈடாகாது.

முழுத் தடை மட்டும் வேண்டாம். போர்வைக்குள் கைபேசி போய்விடும். பருவம் முழுவதற்கும் மூன்று பின்னிரவுகள் என்று கொடுத்து, எவை என்பதை அவனே காலண்டரில் வட்டமிடட்டும். அரையிறுதிகளை நீங்கள் சொல்லாமலே மிச்சம் வைப்பான். அவை ஏப்ரல், மே மாதங்களில், தோஹா நேரம் இரவு 10 மணிக்கு வரும். இறுதி ஆட்டம் 2026 முதல் மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 6 மணிக்கு, அதாவது நமக்கு இரவு 7 மணிக்கு மாற்றப்பட்டிருப்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. வட்டமிட்ட இரவுக்கு மறுநாள் பள்ளிக்கு விடுப்பு கிடையாது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வில்லாவைப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடாக இருந்தால், அடுத்த பகுதியில் உறங்குவோருக்காக அன்று ஒலியைக் குறைத்துவிடுவதும் நல்லது.

மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கியும் வகுப்பில் தலை சாய்ந்தால், அல்லது அவன் குறட்டை விட்டாலோ வாயால் மூச்சு விட்டாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) வீக்கம், ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு ஆகியவற்றை அவர் பார்ப்பார். வகுப்பாசிரியைக்கு அதே டைரியில் இரண்டு வரி எழுதி, அவன் தூங்குவது செவ்வாய், புதன் ஆட்டங்களுக்கு மறுநாளான புதனும் வியாழனும் மட்டுமா, எல்லா நாளுமா என்று இன்றே கேளுங்கள். இங்கே பள்ளி வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றுக்கிழமையும் தூங்குகிறான் என்று பதில் வந்தால், மூன்று வாரம் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.