மலைக்கு நடுவே மின்கோபுரம்: ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: இரண்டு வருடமாகச் சீன மை ஓவியம் பழகுகிறேன். தைவான் கவிஞரும் ஓவியருமான லோ சிங், மரபான மலைக்காட்சிக்குள் தார்ச்சாலையையும் பறக்கும் தட்டையும் கொண்டுவருகிறார். அதைப் பார்த்து நானும் ஒரு மின்கோபுரம் வரைந்தேன். வெட்டி ஒட்டியதுபோலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் மலை அழகாக வந்திருக்கிறது. கோபுரத்துக்கு ஸ்கேல் வைத்திருக்கிறீர்கள். அது குற்றமே இல்லை. மாளிகை, படகு, பாலம் எல்லாவற்றையும் கோல் வைத்து வரையும் 'ஜியேஹுவா' முறை சீனாவின் சோங் அரசமரபுக் காலத்திலேயே (960–1279) செழித்திருந்தது. குறை என்னவென்றால், அடிமுதல் உச்சிவரை ஒரே கறுப்பில் முழுசாகக் காட்டிவிட்டீர்கள்.

1072-இல் 'வசந்தத் தொடக்கம்' என்ற மலைக்காட்சியை வரைந்த சோங் கால ஓவியர் குவோ ஷி ஒரு பாடம் சொல்லிப்போயிருக்கிறார்: மலையை முழுக்கக் காட்டினால் உயரம் தெரியாது, இடுப்பில் மூடுபனியைச் சுற்றினால்தான் உயரும். கோபுரத்துக்கும் அதையே செய்யுங்கள். கால்களை மரங்களுக்குள் மறையுங்கள். நடுப்பகுதியை வரையவே வேண்டாம், காகிதத்தின் வெள்ளையே பனியாகட்டும். உச்சிக் கைகளுக்கு மட்டும், தூரிகையைத் துணியில் ஒற்றி, பாதி உலர்ந்த மையில் கோடு இழுங்கள். கோடு நடுநடுவே விட்டுப்போகும். பாறைக்கும் அதே நார்நாரான கோடுதானே போட்டீர்கள், இரண்டும் உறவாகிவிடும். கம்பி ஒன்று போதும், அதுவும் பனிக்குள் கரையட்டும்.

லோ சிங் 1948-இல் சீனாவின் சிங்தாவ் நகரில் பிறந்து தைவானில் வளர்ந்தவர். சீனாவின் கடைசிப் பேரரசர் பூயியின் உறவினரான பூ ஷின்யூவிடம் சிறுவயதிலேயே மரபு ஓவியம் கற்றவர். பழைய ஓவியர்கள் ஓடையையோ மலைப்பாதையையோ வளைத்து ஏற்றும் இடத்தில் தார்ச்சாலையை ஏற்றுகிறார் என்றே அவர் படங்களை நான் வாசிக்கிறேன். வெண்பாவில் ஒரு சொல்லை மாற்றியும் தளை தட்டாமல் பார்த்துக்கொள்கிற வேலை அது. கவிஞர் கை என்பது அங்கேதான் எனக்குத் தெரிகிறது.

பாட்டிலில் விற்கும் இந்தியன் இங்க் வேண்டாம். பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும். காய்ந்தால் தூரிகை விறைத்துவிடும், மென்சாம்பல் நிறமும் சரியாகப் பரவாது. மைக்கட்டியைச் சில சொட்டுத் தண்ணீரில் நிதானமாக உரைத்து, மூன்று கிண்ணங்களில் அடர்த்தி மாற்றி வையுங்கள். படிகாரமும் பசையும் பூசாத ஷுவான் என்னும் சீனக் காகிதத்தில் வரையுங்கள். கோபுரத்தின் இடத்தை மலை வரையும்போதே வெள்ளையாக விட்டுவிடுங்கள். மலை காய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது.