பேரும் விலாசமும்

ஐயா, நார்வேல நாஜிகள் இருந்த காலத்தைப் பத்தி ஒரு டாக்குமெண்டரி பாத்தேன். சட்டைல பேப்பர் கிளிப் மாட்டினாங்க, லெட்டர் போட்டாங்கன்னு அதையெல்லாம் எதிர்ப்புன்னு கொண்டாடறாங்க. ஜெர்மன்காரன் அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட வெமோர்க் கனநீர் ஆலைக்குக் குண்டு வெச்சவங்கதானே நிஜப் போராளிங்க? நானா இருந்தா துப்பாக்கிதான் எடுத்திருப்பேன்.
– ஒரு வாசகர்

தம்பி,

வெமோர்க்கைப் பத்திப் படமே வந்தாச்சு, அதை விடுங்க. பேப்பர் கிளிப்னா ஒண்ணா சேந்து நிக்கறோம்னு அர்த்தம், அதுக்கே தடை போட்டாங்க. ஆனா 'லெட்டர் போட்டாங்க'ன்னு ஒரு வார்த்தைல தள்ளிவிட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு, ஏன்னா கொஞ்ச நாளா என் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கறதே அந்த லெட்டர்தான்.

1942 பிப்ரவரி. ஜெர்மன்காரனோட கையாள் குவிஸ்லிங் சட்டம் போடறான், வாத்தியாருங்க எல்லாரும் அவன் சங்கத்துல சேரணும், 10 வயசுலேர்ந்து 18 வரைக்கும் பிள்ளைங்க அவன் கட்சி இளைஞர் அணிக்குப் போகணும்னு. வாத்தியாருங்க, டீச்சருங்க ஆயிரக்கணக்குல பதில் எழுதினாங்க, என் மனசாட்சி ஒத்துக்கல, என்னால இதுல சேர முடியாதுன்னு. வாசகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா ஒரே தாள்ல அம்பது கையெழுத்து வாங்கி அனுப்பல. ஆளுக்கொரு தாள், கீழ அவங்கவங்க பேரு, அவங்கவங்க விலாசம். போலீஸ் வந்து தட்டவேண்டிய கதவு எதுன்னு தானே எழுதி, கவரை ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் நடந்து போயி போடணும். கூட்டத்துல நின்னு கோஷம் போடறது வேற, இது வேற. அந்த நடை எவ்ளோ தூரம் இருந்திருக்கும் சொல்லுங்க.

எனக்குத் தெரியும், நான் அந்தப் பக்கம் நின்னவன். கூட வேலை பாத்த ஒருத்தர் மேல இல்லாத பழியைப் போட்டு ஒரு தாளை நீட்டினாங்க, ஏற்கெனவே பதினோரு கையெழுத்து இருந்துச்சு, பன்னெண்டாவது நான். கூட்டத்தோட கூட்டமா போட்டுட்டேன். மறுநாள் அவரு எப்பவும்போல டிபன் பாக்ஸைத் திறந்து 'சாப்பிடுறியாப்பா'ன்னு கேட்டாரு. வருஷம் இருபத்தஞ்சாச்சு, அந்த எலுமிச்சை சாதம் வாசனை இன்னும் போகல.

நார்வேல மார்ச்ல 1,000 பேருக்கு மேல பிடிச்சாங்க. ரயில்ல கொண்டுபோறப்ப ஸ்டேஷன்ல பிள்ளைங்க நின்னு பாடியிருக்குதுங்க. 600-க்கு மேலானவங்களை வடகோடில, இன்னிக்கு ரஷ்ய எல்லைகிட்ட இருக்கற கிர்கெனெஸுக்குக் கொண்டுபோயி, கப்பல்லேர்ந்து சாமான் இறக்கற வேலை. பெத்தவங்களும் சும்மா இல்ல, லட்சத்துக்கு மேல லெட்டர் போட்டாங்க, இதுவும் அவங்கவங்க பேர்ல. மே மாசம் குவிஸ்லிங் ஸ்டாபெக்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கே போயி கத்தினான், வாத்தியாருங்களா, என் எல்லாத்தையும் கெடுத்தது நீங்கதான்னு. நவம்பருக்குள்ள எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சங்கமும் வரல, இளைஞர் அணியும் வரல.

துப்பாக்கி பத்திக் கேட்டீங்க, மறந்தே போச்சு. நல்ல பையன்தான் நீங்க, எழுத்துல தெரியுது. ஆனா இவ்ளோ எழுதிட்டு கீழ 'ஒரு வாசகர்'னு போட்டிருக்கீங்களே, ஏன்பா? அடுத்த தடவை பேர் போட்டு எழுதுங்க, என்னைத் திட்டியே எழுதினாலும் சரி.