பார்வையும் காதும் ஒருசேரக் குறையும்போது: சேலத்தில் எங்கே தொடங்குவது?

கேள்வி: என் தந்தைக்கு 62 வயது. அம்மாப்பேட்டையில் நெடுங்காலம் விசைத்தறி ஓட்டியவர். இப்போது ஏற்காட்டில் எங்களுடன் இருக்கிறார். சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது. காதும் சரியாகக் கேட்பதில்லை. சேலத்தில் யாரை அணுகலாம்? எதை முதலில் செய்வது?

பதில்: இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மாற்றுத்திறனாளி சான்றிதழை முதல் வேலையாக நினைக்கிறார்கள். உங்கள் தந்தையின் நிலையில் காதைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். பார்வை குறைந்தவர் ஆள் வருவதையும் வண்டி வருவதையும் ஒலியால்தான் அறிகிறார். கைப்பேசித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியும் காது கேட்டால்தான் பயன்படும்.

தறிக்கூடத்து இரைச்சல் உள்காதின் நுண்ணிய செல்களை அழித்துவிடுகிறது. அவை மீண்டும் வளர்வதில்லை. இதில் உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் போகும். அதனால் உயிரொலிகள் காதில் விழும், ச, த, ப போன்ற மெய்யொலிகள் நழுவும். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை" என்று தறி ஓட்டியவர்கள் சொல்வது இதனால்தான். வீட்டார் கத்திப் பேசுவதால் பயனில்லை. எதிரில் நின்று, சற்று நிதானமாகப் பேசினால் போதும். ஒருவேளை திடீரென்று ஓரிரு நாளில் ஒரு காது அடைத்துப்போனால், அதை மலைப்பாதையில் இறங்கியதால் வந்த அடைப்பு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்கான சிகிச்சை ஆரம்ப நாட்களில்தான் பலன் தரும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு, கண் பிரிவு இரண்டும் உள்ளன. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். கண்ணில் விழித்திரையையும் கண்புரையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சான்றிதழுக்கான சதவீதம், கண்ணாடியோடு நல்ல கண்ணுக்குள்ள பார்வையை வைத்துக் கணக்கிடப்படுவதால், லேசர், ஊசி, புரை அறுவை என்று செய்யக்கூடியதை முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே அலைச்சலைக் குறைக்கும்.

சான்றிதழுக்கு யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இணையதளத்தில் இ-சேவை மையம் வழியாகவும் பதியலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் தேவை. ஒரு கண் முழுதும் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதமே கிடைக்கும். செவித்திறன் குறைவாகக் கொள்ள இரு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். ஆனால் கண், காது இரண்டிலும் குறை இருந்தால் மருத்துவக் குழு ஒரு சூத்திரப்படி சேர்த்துக் கணக்கிடும். நேரடிக் கூட்டல் அன்று: 40உம் 30உம் சேர்ந்தால் 70 ஆகாது, ஏறக்குறைய 57 ஆகும். எனவே விண்ணப்பத்தில் இரு குறைகளையும் குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் எழுதி, பிறகு திருத்த அலைபவர்கள் பலர்.

அட்டை கிடைத்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துடன் சேர்ந்து இயங்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவி, மடக்குக் குச்சி, கருப்புக் கண்ணாடி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். உதவித்தொகைக்கு அங்கு போக வேண்டாம்; அது ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தின் வேலை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். வருமானம் உள்ளிட்ட நிபந்தனைகள் உண்டு. முதியோர் உதவித்தொகை ஏற்கெனவே வந்தால் இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். சேலத்துக்கு இறங்கி ஏற வெளியூர்ப் பேருந்தில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு.

காதொலிக் கருவி வந்தபின் ஏற்காட்டின் ஈரப்பதம்தான் அதற்குப் பகை. இரவில் கருவியின் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். துத்தநாகப் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் பொருத்துங்கள். உரித்தபின் பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், தேவைக்கு முன்பே உரித்து வைக்காதீர்கள்.