கல்லூரிச் சராசரியும் யூரோலீக் சராசரியும்

கேள்வி: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் ஆட்டத்துக்கு 20 புள்ளிகளுக்கு மேல் எடுத்திருக்கும்போது, அதைவிடக் குறைவாக எடுத்த ஐரோப்பிய இளைஞர்களைச் சிலர் மேலாகச் சொல்வது ஏன்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த எண்கள் யாருக்கு எதிராக எடுக்கப்பட்டவை என்று பார்த்தால் காரணம் விளங்கும். 2018 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான அரிசோனா பல்கலைக்கழகத்தின் டியாண்ட்ரே எய்ட்டன் ஆட்டத்துக்கு 20.1 புள்ளிகளும், இரண்டாவதான டியூக்கின் மார்வின் பேக்லி 21 புள்ளிகளும் எடுத்திருந்தார்கள். மூன்றாவதான, ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட்டின் லூகா டான்சிச், ஐரோப்பியக் கிளப்புகளின் உயர்நிலைப் போட்டியான யூரோலீக்கில் எடுத்ததோ ஏறத்தாழ 16தான். ஆனால் முன்னவர் இருவரும் எதிர்கொண்டவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள், அவர்களில் என்.பி.ஏ. வரை போகிறவர்கள் மிகச் சிலரே. டான்சிச் மோதியது, பந்தாட்டத்தையே பிழைப்பாகக் கொண்டு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடித் தேர்ந்தவர்களோடு. ஆட்டத்துக்குச் சுமார் 26 நிமிடமே களத்தில் நின்றும், 19 வயதில் யூரோலீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையும் கோப்பையையும் அந்தப் பருவத்திலேயே வென்றார்.

விதிகளையும் கவனிக்க வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணி 30 விநாடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிந்தால் போதும், ஐரோப்பாவிலும் என்.பி.ஏ.விலும் அது 24 விநாடிதான். தவிர, எவரையும் காக்காமல் கூடையடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று தடுப்பாட்டக்காரரைக் கட்டுப்படுத்தும் விதி என்.பி.ஏ.வில் உண்டு, யூரோலீக்கில் இல்லை. ஆகவே அங்கே கூடையடி எப்போதும் நெரிசலாகவே இருக்கும். அதற்குள் புகுந்து எடுக்கும் புள்ளிக்கு மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

அதற்காகக் கல்லூரி எண்கள் எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. டான்சிச்சைத் தேர்ந்த அட்லாண்டா அணி அவரை டல்லாஸ் அணிக்குக் கொடுத்து, ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ட்ரே யங்கையும் பின்னாளைய டிராஃப்டின் முதல் சுற்றில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் பெற்றுக்கொண்டது. கல்லூரி அளவில் புள்ளி, அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிவகுக்கும் பாஸ்) இரண்டிலும் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் யங், என்.பி.ஏ.விலும் அவர் சோடை போகவில்லை.

கேள்வி: அப்படியானால் 2003இல் ஐரோப்பிய வீரர் டார்கோ மிலிசிச்சை எடுத்த டெட்ராய்ட் அணி ஏன் ஏமாந்தது?
— வாசகர், திருச்சி

பதில்: ஐரோப்பியர் என்பதால் அல்ல, ஆடிப் பார்க்காத ஐரோப்பியர் என்பதால். செர்பியாவின் ஹெமோஃபார்ம் அணியில் இருந்த அவருக்கு அப்போதுதான் 18 வயது நிறைந்திருந்தது. உயர்ந்த நிலை ஆட்டங்களில் அவரை எடைபோடப் போதிய நிமிடங்களே இல்லை. லெப்ரான் ஜேம்ஸுக்கு அடுத்து, இரண்டாவதாக அவரை எடுத்தார்கள். மூன்றாவதாக டென்வருக்குப் போன கார்மெலோ ஆண்டனியோ, சிரக்யூஸ் அணிக்கு அந்த ஆண்டுக் கல்லூரிச் சாம்பியன் பட்டத்தை வாங்கித் தந்துவிட்டு வந்தவர். அங்கே பெரிய மேடையில் ஆடிக் காட்டியவர் கல்லூரி மாணவர்தான். பத்தாண்டு கழித்து நிலைமை தலைகீழாயிற்று: 2013இல் முதலாவதாகத் தேர்வான கல்லூரி வீரர் ஆண்டனி பெனட் நிலைக்கவில்லை, 15ஆவதாக வந்து பின்னாளில் பெரிய நட்சத்திரமான யானிஸ் அன்டெட்டோகுன்போ கிரேக்க இரண்டாம் பிரிவில் ஆடியவர். இவர் விஷயத்தில் நான் மேலே சொன்ன அளவுகோலும் உதவாது, துணிச்சல்தான் உதவியது.

கேள்வி: நம் நாட்டு சத்னாம் சிங் எந்த வகையில் சேர்வார்?
— வாசகர், மதுரை

பதில்: இரண்டிலும் சேர மாட்டார். பஞ்சாபிலிருந்து ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குச் சென்று பயின்றவர். டிராஃப்டுக்கு முன் கல்லூரியிலும் ஆடவில்லை, வெளிநாட்டுக் கிளப்பிலும் ஆடவில்லை. 2015இல் டல்லாஸ் 52ஆவதாக எடுத்தது. என்.பி.ஏ. ஆட்டம் எதிலும் களமிறங்கவில்லை.

கேள்வி: இந்த இரு வகைப் பிரிவு இனியும் நீடிக்குமா?
— வாசகர், சென்னை

பதில்: கரைந்து வருகிறது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்று 2021இல் ஆன பின், ஐரோப்பியக் கிளப்புகளில் வளர்ந்த பிள்ளைகளே அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். ரியல் மாட்ரிட்டில் வளர்ந்த ரஷ்ய வீரர் எகோர் டியோமின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் ஆடி, 2025இல் 8ஆவதாக புரூக்ளினுக்குத் தேர்வானார். பார்சிலோனாவிலிருந்து இல்லினாய்க்குச் சென்ற லித்துவேனியர் காஸ்பரஸ் யாகுசியோனிஸ் 20ஆவதாக மயாமிக்குப் போனார். இத்தகையவர்களின் ஒற்றைக் கல்லூரிப் பருவத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாமல், அதற்கு முன் ஐரோப்பாவில் ஆடியதையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.