வினாத்தாள் கடைசியில் வரட்டும்

கேள்வி: ஈரோட்டில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'ஜவுளிக் கடை வாடிக்கையாளர்களின் திருப்தி' என்ற தலைப்பில் ஆய்வறிக்கை தர வேண்டும். ஆய்வு முறையியல் தாளில் நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன். ஆனால் எங்கே தொடங்குவது என்றே இப்போது தெரியவில்லை. சீனியர்கள் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, "150 பேரிடம் நிரப்பி வாங்கு, கை-வர்க்கச் சோதனை போடு, முடிந்தது" என்கிறார்கள்; இரண்டு விவரங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை அது. மூன்று மாதம் இருக்கிறது. முறையாகக் கற்றுக்கொள்ள என்ன வழி? எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளுக்கான பயிற்சி வகுப்பில் சேரலாமா?

பதில்: சீனியர்கள் கொடுத்த தாளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அதில் முதல் கேள்வி வயது, இரண்டாவது பாலினம், மூன்றாவது மாத வருமானம் என்று பந்தயம் கட்டத் தயார். கடையின் பெயர் மட்டும் மாறி, ஆண்டுதோறும் கைமாறி வரும் தாள் அது. அதை ஒரு மாதத்துக்குப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள்.

'வாடிக்கையாளர் திருப்தி' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. கேள்வியைத் தேடிக் கடைக்கே போங்கள். முதலாளியிடமோ மேலாளரிடமோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவருக்கு எது புரியாமல் இருக்கிறது என்று கேளுங்கள். "தீபாவளிக்கு வருகிற கூட்டம் பொங்கலுக்கு வருவதில்லை, ஏன் என்று தெரியவில்லை" என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த நொடியிலேயே பாதி ஆய்வு முறை முடிவாகிவிடுகிறது. தீபாவளிக்கு வாங்கியவர்களில் பொங்கலுக்குத் திரும்பி வந்தவர்கள் ஒரு குழு, வராதவர்கள் இன்னொரு குழு. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதுதான் கேள்வி. யாரைச் சந்திக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. எதைக் கேட்க வேண்டும் என்பதும் ஓரளவு தெரிந்துவிட்டது.

அடுத்து ஒரு தாளில் வெற்று அட்டவணைகளை வரையுங்கள். தலைப்பு, வரிசை, நிரல் எல்லாம் இருக்கட்டும், எண்கள் மட்டும் வேண்டாம். 'இந்த அட்டவணைக் கட்டத்தில் எந்த எண் வந்தால் என்ன முடிவுக்கு வருவேன்' என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதுங்கள். அதன்பிறகு வினாத்தாளை உருவாக்கினால், எந்தக் கட்டத்தையும் நிரப்பாத கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடும். மாத வருமானம் உட்பட.

இனி யாரைக் கேட்பது என்ற சிக்கல். கடை வாசலில் நின்று வெளியே வருகிறவர்களிடம் படிவம் நீட்டுவதுதான் வழக்கம். ஆனால் வராமல் போனவர் வாசலில் எப்படி நிற்பார்? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று இதழ் சொன்னது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று வென்றார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் பெயர் எடுத்தார்கள்; அந்தப் பொருளாதார மந்த காலத்தில் அவை வசதியுள்ளவர்களின் பட்டியல். பதில் எழுதும் அக்கறையும் லாண்டன் பக்கமே மிகுந்திருந்தது. பட்டியல் கோணலாக இருந்தால், எண்ணிக்கை கூடக் கூடக் கோணலும் உறுதிப்படும், அவ்வளவுதான்.

உங்களுக்கு நல்ல பட்டியல் கடையிலேயே இருக்கிறது: பில் பதிவு. தீபாவளி மாதத்தில் 3,000 பில் போட்டிருக்கிறார்கள் என்றால், 1 முதல் 20 வரை குலுக்கலில் ஓர் எண்ணை எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு 20ஆவது பில்லாக எடுங்கள். 150 பேர் கிடைத்துவிடுவார்கள். கடைக்காரர் முதலில் அழைத்துச் சம்மதம் கேட்ட பிறகே தொலைபேசி எண்ணை உங்களிடம் தர வேண்டும். எல்லோரும் பேசமாட்டார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். 150 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால், ஒரு சதவீதக் கணிப்பில் ஏறக்குறைய 8 புள்ளிகள் முன்பின் ஆகலாம். வாசலில் பிடித்த 150 பேருக்கு இப்படி ஒரு கணக்குச் சொல்லவே வழியில்லை.

கேள்விகளின் சொற்களில் கவனம் தேவை. 'விலையும் தரமும் திருப்தியா?' என்பது இரண்டு கேள்வி. ரென்சிஸ் லைகர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய, ஒரு கருத்தை எந்த அளவுக்கு ஏற்கிறார் என்று குறிக்கும் ஐந்து படி அளவுகோலைத் தமிழில் தரும்போது இன்னொரு வம்பு உண்டு. நம்மவர்கள் 'பரவாயில்லை' என்று சொன்னால் அது பாராட்டா, சலிப்பா? குரலைக் கேட்டால்தான் தெரியும். படிவத்தில் குரல் பதிவாகாது. ஆகவே மனநிலையைவிட நடந்ததைக் கேளுங்கள். 'இந்தக் கடை பிடிக்குமா?' என்பதைவிடப் 'பொங்கலுக்குத் துணி எங்கே எடுத்தீர்கள்?' என்பதற்குக் கிடைக்கும் பதில் உறுதியானது. கடைப் பணியாளர் பக்கத்தில் நிற்கும்போது எதையுமே கேட்காதீர்கள்.

நினைவுக்கும் எல்லை இருக்கிறது. மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு (2022–23) காய்கறிக்குக் கடந்த 7 நாள், அரிசிக்கு 30 நாள், துணிக்கு 365 நாள் என்று கால அளவைப் பிரித்துக் கேட்கிறது. அதன் வினாநிரலும் களப்பணியாளர் கையேடும் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசம். பாடநூலின் இரண்டு அத்தியாயங்களைவிட அந்தக் கையேட்டில் ஒரு மாலை செலவிடுவது மேல் என்பது என் எண்ணம். எழுதிய தாளை ஐந்து பேரிடம் சோதித்துப் பாருங்கள். எந்தக் கேள்வியில் நெற்றி சுருங்குகிறதோ அதை மாற்றுங்கள்.

கூடவே ஒரு களக்குறிப்பேடு. யாரை, எந்த நாளில், எப்படிக் கேட்டீர்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு, கங்கைகொண்டான் போன்ற கிராமங்களை ஆராய்ந்து 1918இல் வெளியிட்டார். என்ன கேட்டார்கள் என்பது பதிவாகியிருந்ததால், 1930களில் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குப் போய் என்ன மாறியது என்று பார்க்க முடிந்தது. பிறகும் பலர் போனார்கள். முதலில் கணக்கெடுத்தவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்தான்.

கை-வர்க்கச் சோதனைக்கு வருவோம். சோதனையைக் கேள்விதான் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்தவர், வராதவர் என்ற இரு குழுக்களையும் வாங்கிய துணியைக் கடையில் மாற்றிக் கேட்டு முடியாமல் போன அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்க அது பொருத்தமே. ஆனால் ஐந்து வயதுப் பிரிவு, ஐந்து திருப்திப் படி என்று 25 கட்டம் போட்டால், 150 பேருக்குக் கட்டத்துக்குச் சராசரி 6 பேர்தான். பல கட்டங்களில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லாவிட்டால் அங்கே வர வேண்டிய எண்ணிக்கை) 5க்குக் கீழே போகும், சோதனையின் முடிவும் நம்பத்தக்கதாக இராது. பிரிவுகளைச் சேர்த்துக் குறையுங்கள். இன்னொன்று: உண்மையில் தொடர்பே இல்லாத இடங்களில்கூட 5 சதவீத மட்டத்தில் (தற்செயலைத் தொடர்பு என்று தவறாக எண்ணும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து) 20 சோதனை போட்டால், ஒன்று 'தொடர்பு உண்டு' என்று வருவது எதிர்பார்க்க வேண்டியதே. அந்த ஒன்றை மட்டும் அறிக்கையில் காட்டுவது ஏமாற்று, தெரியாமல் செய்தாலும்.

எஸ்.பி.எஸ்.எஸ். வகுப்பு இப்போது வேண்டாம். 150 பேரின் பதில்களுக்கு எக்செல் போதும். கூடுதலாக வேண்டுமென்றால் 'ஜமோவி' என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கட்ட வைத்திருக்கும் பணத்தைத் தொலைபேசி ரீசார்ஜுக்கு ஒதுக்குங்கள். பொங்கலுக்கு வராதவர்களில் பலர் மூன்றாவது அழைப்பில்தான் எடுப்பார்கள்.