லோன்ல மிச்சமான 3 லட்சத்துல டிவியும் ப்ரொஜெக்டரும் வாங்கலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியரா இருக்கேன், கைக்கு வர்ற சம்பளம் 72,000. வீட்டுக்கடன் இஎம்ஐ 21,000 ஏற்கனவே போயிட்டு இருக்கு. வீட்டை மராமத்து பண்ண அதுமேல 10 லட்சம் டாப்-அப் எடுத்தேன், 9.5% வட்டி, 15 வருஷம், இஎம்ஐ போன மாசம்தான் ஆரம்பிச்சுது. வேலை முடியப்போகுது, அக்கவுண்ட்ல 3 லட்சம் மிச்சம் இருக்கு. ஹால்ல 65 இன்ச், எங்க ரூம்லயும் அப்பா அம்மா ரூம்லயும் ஆளுக்கொரு 43 இன்ச், மாடி ரூம்ல ப்ரொஜெக்டர்னு பிளான். "பணம்தான் கையிலேயே இருக்கே மாமா, வட்டிய டாக்ஸ்லயும் கழிச்சிக்கலாம்"னு மச்சான் சொல்றார். மனசுக்கு என்னமோ உறுத்துது. எது வாங்கலாம்?

பதில்: சார், உங்க மனசு உறுத்துறது சரிதான். எந்த டிவிங்கிறதை அப்புறம் பாக்கலாம், முதல்ல அந்த "மிச்சம்"ங்கிற வார்த்தையை விடுங்க. அது மிச்சம் இல்ல, நீங்க இன்னும் செலவு பண்ணாத கடன், அவ்வளவுதான். மராமத்துன்னு லோன் எடுக்குற நிறைய பேர் இதே இடத்துலதான் மாட்டுறாங்க, கொத்தனாருக்கும் டைல்ஸுக்கும் போக அக்கவுண்ட்ல நிக்கிற பணம் போனஸ் வந்த மாதிரி தெரியும், உடனே ஷோரூமுக்கு வண்டிய எடுத்துடுவாங்க.

கணக்கு தோராயமா போடுறேன். 9.5% வட்டியில 15 வருஷத்துக்கு லட்சத்துக்கு மாசம் 1,044 ரூபா வரும், அப்போ 3 லட்சத்துக்கு 3,130. மாசம் மூவாயிரம்தானேன்னு தோணும், ஆனா 180 மாசம் கட்டுனா 5 லட்சத்து 64 ஆயிரம். டிவி நல்லா உழைச்சாலே எட்டு, பத்து வருஷம், அது பழுதாகி மூலைக்குப் போன பிறகும் நீங்க அதுக்கு தவணை கட்டிட்டு இருப்பீங்க.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. அந்த 3 லட்சத்தை டாப்-அப் லோன்லயே கட்டிட்டு, இஎம்ஐயை இப்ப இருக்குற 10,440லயே வெச்சா, 15 வருஷ லோன் கிட்டத்தட்ட 8 வருஷத்துல முடிஞ்சுடும். ஏழு வருஷ தவணை, அதாவது சுமார் 8.75 லட்சம் கட்ட வேண்டாம், இப்ப போடுற 3 லட்சத்தை கழிச்சாலும் அஞ்சே முக்கால் லட்சம் வட்டி மிச்சம். நிஜமான மிச்சம்னா இதுதான் சார். ஃப்ளோட்டிங் வட்டியில, அதாவது அப்பப்ப ஏறி இறங்குற வட்டியில இருக்குற தனிநபர் வீட்டுக்கடனை முன்னாடியே அடைச்சா பேங்க் அபராதம் வாங்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2012லயே சொல்லிடுச்சு, அதனால அந்த பயமும் வேண்டாம்.

மச்சான் சொல்ற டாக்ஸ் விஷயம் எடுபடாது. பழைய வரி முறையில இருந்தா நீங்க குடியிருக்குற வீட்டோட ரிப்பேர் கடனுக்கு வருஷம் 30,000 வரைக்கும் வட்டி கழிக்கலாம், புது முறையில அதுவும் கிடையாது, டிவி எந்த முறையிலயும் வீட்டு ரிப்பேர் ஆகாது. 2024 ஆகஸ்ட்ல அப்போ ரிசர்வ் பேங்க் கவர்னரா இருந்த சக்திகாந்த தாஸே, டாப்-அப் பணம் எதுக்குப் போகுதுன்னு சில நிறுவனங்க சரியா கண்காணிக்கறதில்லன்னு கவலைப்பட்டு பேசியிருக்கார்.

ப்ரொஜெக்டர் இப்போதைக்கு வேண்டாம்னு நேராவே சொல்லிடுறேன். இப்ப எல்லாருக்கும் மாடியில தியேட்டர் ரூம் ஆசை வந்துடுச்சு. ஆன்லைன்ல 15,000க்கு வர்றதுல "4கே சப்போர்ட்"னு பெருசா போட்டிருக்கும், கீழ ஸ்பெசிஃபிகேஷன்ல நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது அது நிஜமா காட்டுற படத்தோட தெளிவு பாத்தா 4கேவை விட ரொம்பக் கம்மியான 1080பி, சிலதுல 720பி தான் இருக்கும். வெளிச்சத்தையும் வெறும் லூமன்ஸ்னு ஆயிரக்கணக்குல போடுவாங்க, ஒரே தரமுறைப்படி அளந்து சொல்ற ஆன்சி லூமன்ஸ் எவ்ளோன்னு தேடுனா கண்ணுல படாது. மாடி ரூம்னா பகல் வெளிச்சம் வேற, கனமான திரைச்சீலை இல்லாம படம் வெளுத்துப் போயிடும், அப்புறம் ஸ்கிரீன், ஸ்பீக்கர், ஏசின்னு செலவு இழுத்துட்டே போகும். ஆசை விடலன்னா ஒண்ணு பண்ணுங்க, சுவர் பூசுறதுக்குள்ள சீலிங்ல ஒரு பிளக் பாயிண்ட்டும் எச்டிஎம்ஐ கேபிள் நுழையுற அளவுக்கு அகலமா ஒரு பைப்பும் போட்டு வைக்கச் சொல்லுங்க. இப்ப சில ஆயிரத்துல முடியும், பின்னாடி உடைச்சுப் போட்டா பெயிண்ட்டோட சேத்து செலவு.

டிவிக்கு வருவோம். ஹால்ல சோபாவுக்கும் சுவருக்கும் எத்தனை அடின்னு நீங்க எழுதல, டேப் வெச்சு அளந்துடுங்க. ஏழு, ஏழரை அடின்னா 55 இன்ச் 4கே தாராளம், ஒன்பது அடி கிட்ட இருந்தாதான் 65 பத்தி யோசிக்கணும். இப்ப ஹால்ல ஓடிட்டு இருக்குற டிவிய அப்பா அம்மா ரூமுக்கு மாத்துங்க, அவங்களுக்கு பழகுன ரிமோட் அது. உங்க ரூமுக்கு டிவி அவசரமே இல்ல. ஆக, வாங்க வேண்டியது ஒரே ஒரு டிவி, ஒரு 50,000னு வெச்சுக்கங்க. ரெண்டு இஎம்ஐயும் போக மாசம் 40,000 நிக்குது, அதுல 10,000 தனியா எடுத்து வெச்சா அஞ்சு மாசத்துல ரொக்கமாவே வாங்கலாம்.

கடையில "நோ காஸ்ட் இஎம்ஐ"னு சொன்னா, மொத்தமா கட்டுனா எவ்ளோ குறைப்பீங்கன்னு கேளுங்க, அந்த வித்தியாசமும் ப்ராசஸிங் ஃபீஸும்தான் உங்க வட்டி. கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டிமேல 18% ஜிஎஸ்டியும் தனியா பில்லுல ஏறும். இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22ல இருந்து 32 இன்ச்சுக்கு மேல இருக்குற டிவிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18% ஆயிடுச்சு, முன்ன 1,00,000 இருந்தது 92,200 கிட்ட வந்திருக்கணும். பழைய விலையில இருந்து கழிச்சுக் காட்டி ஆடித் தள்ளுபடின்னு சொன்னா நம்பாதீங்க.

பேங்குக்கு இந்த வாரமே போயிடுங்க. "பார்ட் பேமெண்ட், இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், டென்யூரை (கடன் கட்டுற காலத்தை) குறைங்க"ன்னு எழுத்துல குடுங்க, இல்லன்னா சில பிராஞ்ச்ல இஎம்ஐயை குறைச்சுட்டு 15 வருஷத்தை அப்படியே விட்டுடுவாங்க. கட்டுனதும் மாசாமாசம் தவணை எப்படிப் போகும்னு காட்டுற புது அமார்ட்டைசேஷன் ஷீட் கேட்டு வாங்கி, கடைசி தவணை தேதி மாறியிருக்கான்னு பாத்துட்டு வெளிய வாங்க.