அசலும் வட்டியும்

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாக ராக் இசை கேட்பவன். பெண்கள் உள்ளாடை விளம்பரத்தில் பாப் டிலன், வெண்ணெய் விளம்பரத்தில் ஜான் லைடன், ஜீன்ஸ் விளம்பரத்தில் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் போர்க்காலப் பாட்டு என்று பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. விலைபோனவர்களின் இசைத்தட்டுகளை எல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். பழைய பேப்பர்காரர் வந்தால் எடைக்குப் போடுவதாக இருக்கிறேன். அசல் ராக் என்று இனி ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
— ‘ராக் வெறியன்’, கோவை

பதில்: இசையைப் பற்றிய உங்கள் வரிகளை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். கடைசி வரியில் இருக்கும் ‘அசல்’ என்ற சொல்லில்தான் கால் இடறி, இந்தப் பக்கத்துக்கு வந்திருந்த மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தச் சொல்லுக்காக நான் ஏற்கெனவே ஒரு நண்பரை இழந்திருக்கிறேன். முன்பு எங்களிடம் துணை ஆசிரியராக இருந்த அவர், எந்தக் கலைஞனைப் பற்றி யார் ‘அசல்’ என்று எழுதி அனுப்பினாலும் அதை அடித்துவிட்டு ‘நம்பகத்தன்மை’ என்று திருத்துவார். நம்பகத்தன்மை என்பது ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு இருக்க வேண்டிய குணம் என்றும், கிடார் வாசிப்பவனுக்கு அது அளவுக்கு மீறி இருந்தால் குழு உருப்படாது என்றும் நான் சொன்னேன். அவர் தமது ராஜிநாமாக் கடிதத்திலும் அந்தச் சொல்லை இரண்டு முறை எழுதிவிட்டுப் போனார். அவரோடு சண்டை போட்டுக் காப்பாற்றிய சொல்லை இப்போது நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு பாதி இசைத்தட்டுகளைப் பரணுக்கு அனுப்பியிருப்பதைப் பார்த்தால், அவரே ஜெயித்திருக்கலாமோ என்று தோன்றுகிறது.

ஒரே தெருவில் எதிரெதிராக இருந்த இரண்டு அல்வாக் கடைகளில் ‘இதுவே அசல் கடை, எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது’ என்ற பலகையைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் எழுதியவர் ஒரே ஓவியர் என்பது, ‘கிடையாது’ என்பதன் துணைக்காலை அவர் இரண்டிலும் ஒரே மாதிரி வாலாக இழுத்து, வாலின் நுனியில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருந்ததிலிருந்து தெரிந்தது. அல்வா இரண்டு கடையிலும் நன்றாகத்தான் இருந்தது. எழுதிய ஓவியருக்கு மட்டும் எது அசல் என்பதில் எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. இரண்டு கடையிலும் கூலி வாங்கியிருப்பார்.

வேர் என்ற பொருளில் அரபியில் பிறந்து நம்மிடம் வந்து சேர்ந்த இந்தச் சொல், பத்திரத்தின் மூலப் பிரதிக்கும் கடனாக வாங்கிய முதலுக்கும் ஒருசேரப் பெயராகிவிட்டது. அயல் என்பது திரிந்த இன்னோர் அசலும் நம்மிடம் உண்டு. அண்டை அசலார், அசலூர் என்கிறோமே, அது. இவை போதாவென்று, ஒன்று இன்னொன்றைப் போலவே இருந்தால் ‘அச்சு அசல்’ என்று நகலைப் புகழ்கிறோம். மூலம், முதல், அயல், நகல் என்று நான்கு வேலை பார்க்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதில் எதை நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் பரணில் போட்ட கிரீடன்ஸ் குழுவையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். நான்கு அசலும் அதில் கிடைக்கும்.

முதலில் அசலூர். லூசியானாவின் சதுப்பு ஓடைக் கரையில் பிறந்ததாகக் கரகரத்த குரலில் பாடிய, குழுவின் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி உண்மையில் பிறந்தது கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில். குழுவினர் வளர்ந்தது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய எல் செரிட்டோ என்ற ஊரில். அந்தப் பாட்டில் வரும் ஓடையும் நாயும் அவர் கேட்ட இசைத்தட்டுகளிலிருந்தும் பார்த்த படங்களிலிருந்தும் வந்தவை. இதை ஏமாற்று என்பீர்களானால், ராக் இசையில் பாதியைப் பரணில் ஏற்ற வேண்டியிருக்கும். ஏனென்றால் ராக் ரசிகனின் அசல் எப்போதுமே அசலூரில்தான் இருந்திருக்கிறது.

மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து 1943-ல் சிகாகோ போய், மதுக்கடை இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமே என்று மின்கிடாருக்கு மாறிய ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ், 1958-ல் முதன்முறையாக இங்கிலாந்துக்கு வந்தார். நாட்டுப்புறத்து மனிதர் ஒருவர் மரக்கிடாரோடு வந்து உட்கார்ந்து பாடுவார் என்று காத்திருந்தவர்கள், ஒலிபெருக்கி அலறியதும் மிரண்டுபோனார்கள். போன முறை பட்டது போதும் என்று 1963-ல் அவர் மரக்கிடாரை எடுத்துக்கொண்டு வந்தபோது, அதற்குள் மின்கிடார்ப் பைத்தியமாகியிருந்த பையன்கள் ‘அது எங்கே’ என்று ஏமாந்தார்கள். அடுத்த ஆண்டு கிரனாடா தொலைக்காட்சி, மான்செஸ்டரில் ரயில் நின்றுபோன ஒரு நிலையத்துக்கு அமெரிக்கத் தென்மாநில வேடம் போட்டு, ரசிகர்களை எதிர் நடைமேடையில் உட்காரவைத்து, மூட்டைகளுக்கும் மரப்பெட்டிகளுக்கும் நடுவே அவரைப் பாடவைத்தது. அன்று பெய்த மழை மட்டும் மான்செஸ்டரின் அசல் மழை.

அதே மான்செஸ்டரில்தான், 1966 மே 17 அன்று, மரக்கிடாரை விட்டு மின்கிடாரோடு மேடையில் நின்ற டிலனைப் பார்த்து ஒருவர் ‘யூதாஸ்!’ என்று கத்தினார். உன்னை நம்பவில்லை, நீ பொய்யன் என்று டிலன் பதில் சொல்லிவிட்டு, இன்னும் சத்தமாக வாசித்தார். அந்தக் கச்சேரியின் திருட்டுப் பதிவு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்ற தப்பான பெயரோடு பல ஆண்டுகள் சுற்றியது. 1998-ல் முறையாக வெளியிட்டபோதும், வாங்குபவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று, அந்தத் தப்பான பெயரையே மேற்கோள் குறிக்குள் அட்டையில் போட்டார்கள். முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று வசை வாங்கிய இரவையும் காசாக்க முடிந்த தொழில் இது.

உள்ளாடை விளம்பரத்தைப் பொறுத்தவரை டிலன் சொன்ன சொல் தவறாதவர். 1965 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், ஏதாவது ஒரு வணிகத்துக்கு விலைபோவதென்றால் எதற்குப் போவீர்கள் என்று கேட்டார்கள். பெண்கள் ஆடைக்கு என்றார். 2004-ல் போனார். நம் அரசியல்வாதி எவராவது தாம் சொன்னதை முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து இவ்வளவு துல்லியமாக நிறைவேற்றியிருந்தால் கோயில் கட்டியிருப்போம்.

இனி, முதல் என்ற பொருளில் வரும் அசலுக்கு வருகிறேன். உங்கள் கோபம் இந்த இடத்தில்தான் முகவரி மாறிப் போய்விட்டது. அடகுக் கடையில் சங்கிலியை வைத்தால், அசலையும் வட்டியையும் கட்டி அதை மீட்டுக்கொண்டு வரலாம்; கட்டத் தவறினால்தான் மூழ்கும். இசைத்தட்டு நிறுவனத்தின் வழக்கமான ஒப்பந்தம் அடகுக்காரரே கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஒன்று. குழுவுக்குக் கொடுத்த முன்பணம், பதிவுச் செலவு எல்லாவற்றையும் குழுவின் பங்குத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். கடைசிக் காசு வரை அடைத்த பிறகும், அசல் ஒலிப்பதிவு நிறுவனத்திடமே இருக்கும். கடனையும் அடைத்துவிட்டுச் சங்கிலியையும் விட்டுவிட்டு வர வேண்டும்.

1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்ட கிரீடன்ஸ் குழுவின் ஒலிப்பதிவுகள் மட்டுமின்றி, ஃபோகர்ட்டி எழுதிய பாடல்களின் உரிமையும் ஃபேன்டஸி என்ற நிறுவனத்திடம் இருந்தது. வரி மிச்சம் பிடிப்பதற்காகப் பஹாமாஸ் தீவில் போட்டு வைத்த சேமிப்பு, அந்த வங்கியோடு மூழ்கியது. 1972-ல் குழு கலைந்த பிறகு, ஒப்பந்தத்திலிருந்து வெளியே வருவதற்காக ஃபோகர்ட்டி பழைய இசைத்தட்டுகளில் தமக்கு வர வேண்டிய பங்கையே விட்டுக்கொடுத்தார். பாடினால் அவர்களுக்கல்லவா காசு போகிறது என்று, பல ஆண்டுகள் தம் பாட்டுகளைத் தாமே மேடையில் பாடாமல் இருந்தார். 1987-ல் ஒரு லாஸ் ஏஞ்சலஸ் மேடையில், ‘ப்ரவுட் மேரி’யை நீ பாடாவிட்டால் அது டினா டர்னரின் பாட்டு என்றே உலகம் நினைத்துக்கொள்ளும் என்று டிலன் சொல்லித்தான் அவர் அந்த விரதத்தைத் தளர்த்தினார். நீங்கள் விலைபோனவர் என்று தள்ளிவைத்த ஒருவர், நீங்களே தள்ளிவைத்த இன்னொருவரை மறுபடி பாடவைத்திருக்கிறார்.

ஜீன்ஸ் விளம்பரம் வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கொடியசைத்துவிட்டு வீட்டில் இருக்க, ஏழை வீட்டுப் பிள்ளை வியட்நாமுக்குப் போனதைச் சொன்ன பாட்டில், கொடி வரும் முதல் இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘அது நானில்லை’ என்று பாடகன் திமிறும் இடத்துக்கு முன்பாகவே கத்தரியை வைத்திருந்தார்கள். ஃபோகர்ட்டியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் சட்டப்படி இல்லை. அவர் வெளிப்படையாக வருத்தப்பட்ட பிறகு விளம்பரம் நின்றது. விற்றவர் வேறொருவராக இருக்க, நீங்கள் பரணில் ஏற்றியது பறிகொடுத்தவரை.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது அசலைப் பற்றிய வழக்கு. 1985-ல் ஃபோகர்ட்டி தனியாகப் பாடி வெளியிட்ட ஒரு பாட்டு, தங்களிடம் உரிமை உள்ள 1970-ஆம் ஆண்டுப் பாட்டின் நகல் என்று ஃபேன்டஸி நிறுவனம் வழக்குப் போட்டது. அந்த 1970 பாட்டை எழுதிப் பாடியவரும் அதே ஃபோகர்ட்டிதான். தம்மைப் போலவே இருந்த குற்றத்துக்காக 1988-ல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறிய அவர், கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, தாம் பாட்டுக் கட்டும் விதத்தை நடுவர்களுக்கு வாசித்தே காட்டினார். பாணி ஒருவருக்கு ஒன்றுதான் இருக்கும், அந்தப் பாணியில் இரண்டு பாட்டு வரத்தான் செய்யும் என்பதை நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வழக்குச் செலவு யாருடையது என்ற பிரச்சினை 1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கும் அவர் பக்கமே தீர்ந்தது. அசலைத் தேடுகிற உங்களைப் போன்ற ரசிகர், ஒரு கலைஞன் தன்னைப் போலவே இருக்கிறான் என்று சட்டப்படி நிரூபிக்கப்பட்ட இந்த இசைத்தட்டை அல்லவா சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும்?

வெண்ணெய்க்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1996-ல் மறுபடி கூடிப் பயணம் போனபோது, அந்தப் பயணத்துக்கே அழுக்குக் காசு என்று பொருள்படும் பெயரை வைத்தவர்கள் அவர்கள். எனவே அந்தக் குழுவின் பாடகர் லைடன் 2008-ல் வெண்ணெய் விளம்பரத்தில் நடித்ததில் எனக்கு அதிர்ச்சி இல்லை. அந்தப் பணத்தைக் கொண்டு தம்முடைய இன்னொரு குழுவான பப்ளிக் இமேஜ் லிமிடெட்டை மறுபடி கூட்டி, 2012-ல் எந்தப் பெரிய நிறுவனத்தின் வாசலிலும் நிற்காமல் சொந்தமாகவே இசைத்தட்டு வெளியிட்டார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையாத ஒருவரை நான் ராக் உலகில் பார்த்தது அவரைத்தான்.

சுத்தம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒரே ஒரு வகையை. அதுவும் காசு வாங்காத சுத்தம் இல்லை. நிர்வானா குழுவின் 1993 இசைத்தட்டைப் பதிவு செய்த ஸ்டீவ் ஆல்பினி, விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் வேலைக்காரருக்குக் கொடுப்பதைப் போல வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தார். வாங்கிய கூலி ஒரு லட்சம் டாலர், ஆகவே ஏழைக் குழாய்க்காரர் என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். வேலை முடிந்ததும் பாட்டின் மேல் அவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்பதுதான் அதில் விசேஷம். இதை எழுதும் எனக்கும் கூலி வருவது இந்தப் பக்கத்துக்குப் பின்னால் அச்சாகியிருக்கும் வேட்டி விளம்பரத்திலிருந்து என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஃபோகர்ட்டி 2023-ல், தம் பாடல் உரிமையின் பெரும்பங்கைக் காசு கொடுத்து மீட்டுக்கொண்டார். பழைய ஒலிப்பதிவுகள் மட்டும் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. அதனால் 2025-ல், எண்பது வயதில், அந்தப் பாட்டுகளை மறுபடி பாடிப் பதிவு செய்து ‘ஜானின் வடிவம்’ என்ற குறிப்போடு வெளியிட்டிருக்கிறார். அசல் நிறுவனத்திடமும் அச்சு அசல் அவரிடமும் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்க எனக்கு ஆசை. பழைய தட்டுகள் என்னிடம் இல்லை, உங்கள் பரணில் இருக்கின்றன. பழைய பேப்பர்காரர் கிலோவுக்கு என்ன விலை சொல்கிறாரோ அதற்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்துத் தருகிறேன். சென்ற மாதத்தோடு முடிந்துவிட்ட உங்கள் ஆண்டுச் சந்தாவை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று எங்கள் மேலாளர் பக்கத்தில் நின்று சொல்கிறார்.